10,000 டாலர், 40 படுக்கை, 99 காலி இடம்

1899-ல் நியூயார்க் வங்கியாளர் ஒருவர், காலமான தம் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்தார். அன்றைக்கு ஒரு பவுனுக்கு 15 ரூபாய், ஒரு டாலருக்கு 3 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். ஆக, 30,000 ரூபாயைத் தாண்டிய தொகை. அந்தப் பணத்தோடு 1900 ஜனவரியில் வந்திறங்கிய ஐடா ஸ்கடருக்கு வயது 29. பிறந்தது பக்கத்து ராணிப்பேட்டையில். முதல் 2 ஆண்டுகளில் அவர் பார்த்த நோயாளிகள் 5,000 பேர். 1902-ல் திறந்த ஷெல் ஆஸ்பத்திரியில் 40 படுக்கைகள். வகுத்துப் பார்த்தால் படுக்கைக்கு 250 டாலர்.

சமூகம் புரளும் காலத்தில் திருச்சபைத் தலைமை எப்படி நடந்துகொண்டது என்று தெரிய வேண்டுமானால், நான் சுற்றறிக்கைகளையும் பிரசங்கங்களையும் புரட்டுவதில்லை. எதை விட்டுக்கொடுத்தார்கள், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கணக்கு எழுதிப் பார்ப்பேன். அப்படி எழுத வேலூரைப் போல வசதியான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. 1853-ல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் மூவர் தொடங்கிய ஆற்காடு மிஷனிலிருந்து, ஐடாவின் ஆஸ்பத்திரி வளர்ந்து ஆன இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) வரை, ஒவ்வொரு நெருக்கடியும் ஓர் எண்ணை விட்டுப் போயிருக்கிறது.

1918-ல் ஐடா பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். தாய்மார் பிரசவத்தில் செத்தாலும் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று குடும்பங்கள் மறுத்த காலம். பெண்ணைப் படிக்க வைக்கவே யோசிக்கிற ஊரில் மருத்துவம் படிக்க யார் வருவார்கள் என்று பலரும் ஐயப்பட்டார்கள். வந்த விண்ணப்பங்கள் 151. இடமில்லாமல் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 1922-ல் முதல் அணியாக 14 பேர் தேறி வெளிவந்தார்கள்.

இந்த 14 பேர் படித்துக்கொண்டிருந்தபோதுதான், 1919 மே மாதம், தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். 2 பேர் தவிர மற்ற அனைவரும் இந்தியர்கள். முன்னின்றவர் தோர்ணக்கல் பேராயர் வி.எஸ். அசரியா, ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர். ஒரே ஊரில், ஒரே தெருவில், வெள்ளைக்காரன் ஊரில் நடந்த சண்டைகளுக்காக நாம் ஏன் நாலு கோயிலில் பிரிந்து உட்கார வேண்டும் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது 14 பேராயங்கள், ஏறத்தாழ 10 லட்சம் விசுவாசிகள். அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945-ன் முதல் நாளிலேயே மறைந்துவிட்டார்.

அந்த இணைப்பு ஒப்பந்தத்தில் எனக்கு மிகப் பிடித்த எண் 30. பேராயர் கையால் அபிஷேகம் பெறாத போதகர்களை ஆங்கிலிக்கன் மரபினர் ஏற்பதில் சிக்கல் இருந்தது. 'நாளை முதல் எல்லோரும் ஒன்று' என்று உத்தரவு போட்டிருக்கலாம். பாதிப் பேர் வெளியேறியிருப்பார்கள். தலைவர்கள் அப்படிச் செய்யவில்லை. பழைய போதகர்கள் அப்படியே தொடரலாம், எந்தச் சபைமீதும் அது விரும்பாத ஊழியரைத் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து, 30 ஆண்டு அவகாசம் வைத்தார்கள். ஒரு தலைமுறை தானாகப் பழகிக்கொள்ளட்டும் என்ற பொறுமை அது. சென்னைப் பேராயத்திலிருந்து வேலூர்ப் பேராயம் பிரிந்தது 1976-ல், அந்த அவகாசம் முடிய ஓர் ஆண்டு இருக்கையில்.

வெளிநாட்டு மிஷன்களின் டாலர் குறையத் தொடங்கிய பிறகு சபையைத் தாங்கியது எது என்பதை அறுப்பின் பண்டிகை அன்று பார்க்கலாம். கோயில் முற்றத்தில் பூசணிக்காய், தென்னங்கன்று, கால் கட்டிய சேவல், யாரோ வீட்டில் சுட்ட அதிரசம் எல்லாம் பாயில் வரிசையாக இருக்கும். ஏலம் விடுகிறவர் குரல் கம்மிப்போகிற வரை கத்துவார். சந்தையில் 40 ரூபாய் போகிற காய் இங்கே 400-க்குப் போகும். வாங்கியவரே திரும்ப ஏலத்துக்கு வைப்பார். ஒரு போதகரின் கீழுள்ள சபைகளான குருசேகரத்தின் ஆண்டு வரவில் அது ஒரு பெரிய வரி.

ஆஸ்பத்திரிக் கணக்குக்குத் திரும்புகிறேன். 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவின் 7 பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்க மாதர் 20 லட்சம் டாலர் திரட்டினார்கள். அதற்கு ஈடாக ராக்ஃபெல்லர் நிதி 10 லட்சம் சேர்ந்தது. அந்த ஏழில் வேலூரும் ஒன்று. இன்றைய பாகாயம் வளாகத்தின் 200 ஏக்கரில் 1928-ல் வேலை தொடங்கியது. அந்த டாலர்களில் பெரும்பகுதி, பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம்.

1938-ல் இடி விழுந்தது. சென்னை மாகாணத்தின் காங்கிரஸ் அரசு, வேலூர்ப் பள்ளி தயார்செய்துவந்த எல்.எம்.பி. மருத்துவப் பட்டயத்தை நிறுத்தி, இனி எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டுமே என்றது. அதற்கு வேலூர் கூடுதல் படுக்கைகளும் மேல்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் காட்ட வேண்டும். அதுவரை தாங்கிய மிஷன்களின் கைக்காசில் மட்டும் நடக்கிற காரியமல்ல. மற்ற மிஷன்கள் உதவத் தயாராக இருந்தன, ஒரு நிபந்தனையோடு: ஆண்களையும் சேர்க்க வேண்டும். 20 ஆண்டுகள் பெண்களுக்கென்றே கட்டியதைப் பெண்களிடமிருந்து பறிப்பதா என்று, நிதி திரட்டிய லூசி பீபாடி போன்றவர்கள் எதிர்த்தார்கள். நெருங்கிய தோழமைகள் முறிந்தன. ஐடாவுக்கு அப்போது 70-ஐ நெருங்கும் வயது. தாம் தொடங்கியதன் உருவம் மாறினாலும் பரவாயில்லை, அது பிழைக்க வேண்டும் என்ற பக்கம் அவர் சாய்ந்தார்.

விளைவை எண்ணில் சொன்னால்: 1942-ல் எம்.பி.பி.எஸ். அனுமதி. 1947-ல் 35 பேர் கொண்ட வகுப்பில் முதன்முறையாக 10 ஆண்கள். 1950-களின் முற்பகுதியில் 242 மாணவர்களில் 95 பேர் ஆண்கள், அதாவது நூற்றுக்கு 39. சில மிஷன்கள் தாங்கிய இடத்தில் 40 மிஷன்கள். 1948-ல் முதல் இந்திய இயக்குநராக ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றார். சுதந்திரம் வந்த மறு ஆண்டே தலைமை கைமாறிவிட்டது. விசாகப்பட்டினத்தில் பிறந்த ஒரு பெண்ணிடம். பீபாடி அஞ்சியது போல நிறுவனம் பெண்கள் கையை விட்டு உடனே போய்விடவில்லை.

ஆனால் கோயிலுக்குள் கணக்கு வேறு. வேலூரில் பெண்கள் மருத்துவம் படிக்கத் தொடங்கியது 1918. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் முதன்முதலாகப் போதகராக அபிஷேகம் பெற்றது 1976. இடைவெளி 58 ஆண்டு. முதல் பெண் பேராயர், நந்தியால் பேராயத்தின் புஷ்பலலிதா, 2013. இடைவெளி 95 ஆண்டு. கத்தியைப் பெண்ணிடம் கொடுத்த சபை, அப்பத்தையும் திராட்சரசத்தையும் கொடுக்க இவ்வளவு தாமதித்ததற்கு நல்ல காரணம் எதையும் நான் கேட்டதில்லை.

இனி 2017. எனக்கு இன்றும் மனம் ஆறாத பக்கம் இது. நீட் தேர்வு வருவதற்கு முன், சி.எம்.சி. தன் சொந்த நுழைவுத் தேர்வும், நாட்கணக்கில் நீளும் நேர்காணலும் வைத்து மாணவரைத் தேர்ந்தெடுத்தது. மதிப்பெண்ணோடு, கடைக்கோடி மிஷன் ஆஸ்பத்திரியில் போய் இருக்கிற மனம் இருக்கிறதா என்றும் பார்த்தது. நீட் செல்லாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்த வழக்கில், பெயருக்கு முதலில் நின்ற மனுதாரர் சி.எம்.சி.தான். 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது: தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாவிட்டால் சேர்க்கையே இல்லை. எம்.பி.பி.எஸ். இடங்கள் 100-ல் 99 காலி. மத்திய அரசு நியமித்த, உயிரிழந்த ராணுவ வீரரின் பிள்ளை ஒருவருக்கு மட்டும் இடம். உயர்சிறப்புப் படிப்புகளில் 62-க்கு 61 காலி.

பணமாகப் பார்த்தால் இழப்பு ஒன்றுமே இல்லை. அன்று அங்கே எம்.பி.பி.எஸ். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 3,000 ரூபாய். 99 பேருக்கு 2,97,000. தனியார் மருத்துவக் கல்லூரியில் ஒரே மாணவரின் ஓராண்டுக் கட்டணத்துக்கே அது போதாது. உயர்சிறப்புப் படிப்புக்கு 400 ரூபாய். இழப்பை ஆண்டுகளில் எண்ண வேண்டும். படித்து முடித்தபின் சபைகளின் ஆஸ்பத்திரிகளில் 2 ஆண்டு பணி என்ற ஒப்பந்தம் அங்கே நெடுநாள் வழக்கம். 99 பேரும் அதை நிறைவேற்றியிருப்பார்கள் என்று வைத்தால் 198 மருத்துவ ஆண்டுகள். ஒற்றை மருத்துவரோடு ஓடுகிற மலைப்பகுதி ஆஸ்பத்திரிக்கு அந்த ஒருவர் வராமல் போனால் அறுவை அரங்கு பூட்டிக்கிடக்கும்.

நிர்வாகத்தின் கொள்கையை மதிக்கிறேன். கோச்சிங் சென்டர் கட்டணம் கட்டக்கூடியவரை மட்டுமே வடிகட்டித் தருகிற தேர்வு, ஊழியத்துக்கு ஏற்ற ஆளைத் தராது என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்த உறுதியின் விலையை வேலூரில் கூடி முடிவெடுத்தவர்கள் கொடுக்கவில்லை. வர வேண்டிய மருத்துவருக்காகக் காத்திருந்தவர்கள் கொடுத்தார்கள். 1938-ல் தொடங்கிய நெருக்கடியில் ஐடா தம் பிடிவாதத்தை விட்டார், பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். 2017-ல் பிடிவாதம் நின்றது, பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 2018-ல் சேர்க்கை திரும்பவும் தொடங்கியது. 2020 ஏப்ரல் 29-ல் உச்ச நீதிமன்றம் நீட் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று உறுதி செய்தது.

இந்தக் கணக்கில் எழுதப்படாத பற்று ஒன்று தோல் பதனிடும் வட்டாரத்தில் கிடக்கிறது. ஆம்பூர் பஸ் நிலையத்தில் விடியற்காலை நின்றால், சாப்பாட்டுப் பையோடு ஷூ கம்பெனி வண்டிக்கு ஓடுகிற பெண்களைக் காணலாம். அவர்களில் கழுத்தில் சிலுவை போட்டவர்களும் உண்டு. தோல் பதனிடும் தொழில் நிலத்தையும் பாலாற்றையும் என்ன செய்தது என்பதை 1996-ன் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ். அந்த நிலத்தில் கூலிக்குப் போனவர்களில் தலித் கிறிஸ்தவர்களும் உண்டு.

1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. வேலூர் மாவட்டத்தில் குடியாத்தமும் கே.வி. குப்பமும் தனித் தொகுதிகள். அங்கே பிறந்து வளர்ந்த தலித் கிறிஸ்தவர் தன் சொந்தத் தொகுதியில் வேட்பாளராக நிற்க முடியாது. சூசை என்ற சென்னைச் செருப்புத் தொழிலாளி, பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். அதே தெருவோரம், அதே தொழில். 1985-ல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். 2022 அக்டோபரில் இதே கேள்விக்காக முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2 ஆண்டுத் தவணையோடு ஆணையம் அமைந்தது, தவணை நீட்டிக்கப்பட்டது.

அந்த ஆதாரத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1872-ன் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒவ்வொரு ஆலயமும் வைத்திருக்கும் திருமணப் பதிவேட்டில் பெயர், வயது, குடியிருப்பு, தகப்பன் பெயர் ஆகியவற்றோடு தொழிலுக்கும் ஒரு பத்தி உண்டு. மகனின் தொழிலையும், பழைய ஏட்டில் அதே குடும்பத்துத் தகப்பன் மணந்தபோது எழுதிய தொழிலையும், பாட்டனுடையதையும் அடுத்தடுத்து வைத்தால், ஞானஸ்நானத்தால் எது மாறியது, எது மாறவில்லை என்று ஆண்டுவாரியாகத் தெரிந்துவிடும். பேராயங்கள் குருசேகரத்துக்கு 2 இளைஞரை உட்கார வைத்து, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஏடுகளிலிருந்து தொடங்கலாம். பெயர்களை மறைத்து, தொழிலையும் ஆண்டையும் மட்டும் பெயர்த்தெழுதினால் போதும். சூசையின் வழக்கில் இல்லாமல் போன தாள்களை இனி வரும் வழக்கில் வைக்கலாம்.