நீச்சல் குளம் இருக்கு, சரி... தானாக மூடுற கேட் இருக்கா? திருக்கடையூர் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் இருக்கிறது திருக்கடையூர். மார்க்கண்டேயனின் உயிருக்காகச் சிவன் காலனையே உதைத்த தலம் என்பது ஐதீகம். அதனால்தான் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று ஆயுள் வேண்டி குடும்பம் குடும்பமாக இங்கே வருகிறார்கள். பெங்களூரிலிருந்து மகன், துபாயிலிருந்து மகள், கூடவே பேரன் பேத்திகள்.

இப்படி ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். தாத்தா பாட்டிக்குக் கலச அபிஷேகம். ஒருத்தர் பூ வாங்கப் போயிருக்கிறார், ஒருத்தர் வேன் டிரைவருக்கு லொகேஷன் அனுப்புகிறார், ஒருத்தர் பட்டுப்புடவைக்குப் பின் தேடுகிறார். "குழந்தை எங்கே?" என்று கேட்டால், "உங்ககிட்ட இருக்கான்னு நினைச்சேன்" என்று பதில் வருகிறது. தங்கியிருக்கும் இடத்தில் ஒரு நீச்சல் குளமும் இருந்தால்?

பண்ணை வீடு, ஹோம் ஸ்டே, ரிசார்ட் என்று நீச்சல் குளத்தோடு தங்கும் இடங்கள் பெருகிவிட்டன. சொந்த வீட்டிலேயே குளம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். டைல்ஸ் என்ன நிறம், லைட் எங்கே என்பதெல்லாம் பேசப்படுகிறது. வேலி என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. "வியூ போயிடும்" என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

வேலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சினிமாவில் காட்டுவது போல, நீரில் மூழ்கும் குழந்தை கையை வீசிக் கத்துவதில்லை. மூச்சு விடவே திணறும்போது குரல் வராது. சத்தமே இல்லாமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. இந்த மரணங்களைத் தடுக்க அந்த நிறுவனம் சொல்லும் வழிகளில், குழந்தைக்கும் நீருக்கும் நடுவே தடுப்பு வைப்பதும் ஒன்று.

"நாங்க பார்த்துக்கிறோம்" என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் போன் அடிக்கும், காலிங் பெல் அடிக்கும், கண் ஒரு நிமிடம் விலகும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வேலி.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992 முதலே நீச்சல் குளங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. சிட்னியில் குளத்தோடு வீடு வாங்கிய தமிழர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வேலி சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ், வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் கேட்கப்படும். 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் நிரப்ப முடிந்தாலே அது சட்டப்படி குளம்தான். ஆன்லைனில் வாங்கி மொட்டை மாடியில் விரிக்கிறோமே, காற்றடைத்த குளம், அதுவும் அந்த அளவைத் தாண்டினால் இந்தக் கணக்கில் வரும்.

பிரான்ஸ் 2003-ல் சட்டம் கொண்டுவந்தது. தரையில் பதித்த தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், மூடி, மேற்கூரை அமைப்பு ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இந்தியாவில்? வீட்டு நீச்சல் குளத்துக்கு இவ்வளவு உயரத்தில் வேலி வேண்டும் என்று நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் கிடையாது. தேசியக் கட்டிட விதித் தொகுப்பும் அடிப்படையில் பரிந்துரைதான். மாநில, உள்ளாட்சி விதிகளில் சேர்த்தால்தான் அது கட்டாயமாகும். ஆகவே குளம் கட்ட நினைப்பவர்கள் வீட்டு வரைபடத்திலேயே குளத்தையும் காட்டி, உள்ளாட்சி அலுவலகத்தில் என்ன நிபந்தனை என்று கேட்டுவிடுவது நல்லது.

தனிச் சட்டம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று அர்த்தமில்லை. அலட்சியத்தால் ஒரு மரணம் நேர்ந்தது என்று நிரூபணமானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

நம்மிடம் முன்மாதிரியே இல்லையா?

இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2010-ல் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. தோண்டும்போது சுற்றிலும் முள்வேலி அல்லது வேறு தடுப்பு, குழாயைச் சுற்றி சிமென்ட் மேடை, வாய்க்கு இரும்பு மூடி, கைவிட்டால் தரைமட்டம் வரை நிரப்புதல் என எல்லாமே அதில் இருந்தது. அப்படியும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததைத் தமிழ்நாடே நாள்கணக்கில் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது, தரையில் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

அதற்கும் முன்னால், நம் தாத்தாக்கள் எந்த உத்தரவுக்கும் காத்திருக்காமல் கொல்லைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். கிணறு அழகாகத் தெரிய வேண்டுமென்று யாரும் அந்தச் சுவரை விட்டுவிடவில்லை.

சரி, நல்ல வேலி என்றால் எப்படி இருக்கணும்?

சட்டம் இல்லாவிட்டாலும் அளவுகளைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்திரேலிய விதிகளின் சாரம் இது:

• உயரம்: குறைந்தது 1.2 மீட்டர், அதாவது சுமார் 4 அடி.

• இடைவெளி: கம்பிகளுக்கு நடுவிலும், வேலிக்கும் தரைக்கும் நடுவிலும் 10 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு ஸ்கேல் போதும், நீங்களே அளந்துவிடலாம்.

• ஏற முடியாத அமைப்பு: நெட்டுக்கம்பிகள் நல்லது. குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக இருந்தால் அது வேலி இல்லை, ஏணி. வேலியை ஒட்டி 90 செ.மீ. தூரத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, பூந்தொட்டி, மோட்டார் பெட்டி என்று கால் வைத்து ஏற எதுவும் இருக்கக் கூடாது.

• கேட்: குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். கையை விட்டதும் தானாக மூடி, தானாகத் தாழ் விழ வேண்டும். தாழ்ப்பாள் சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், குழந்தைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

• நான்கு பக்கமும்: பலரும் கோட்டைவிடும் இடம் இது. "காம்பவுண்ட் சுவர்தான் இருக்கே" என்பார்கள். காம்பவுண்ட் சுவர் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் குழந்தையைத் தடுக்காது. ஹால் கதவைத் திறந்தால் நேராகக் குளம் என்றால், வேலியே இல்லாத மாதிரிதான்.

வீட்டையும் சேர்த்து வளைக்கும் சுவரை விட, குளத்தை மட்டும் தனியாக வளைக்கும் வேலிதான் அதிக உயிர்களைக் காக்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சிறு குழந்தைகள் நீச்சல் குளத்தில் மூழ்குவதில் பாதிக்கும் மேல் வேலியால் தடுக்கலாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி.

இவ்வளவும் செய்துவிட்டு, விசேஷ நாளில் போக வர வசதியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தால் எல்லாம் வீண்.

டெல்டாவில் குளம் மட்டுமா?

இந்தக் கணக்கு நீச்சல் குளத்தோடு நிற்பதில்லை. பண்ணைக்குட்டையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தால் கரை வழுக்கும். உள்ளே விழுந்தால் பெரியவர்களுக்கே ஏறி வருவது கஷ்டம். வாசலில் சம்ப், கொல்லையில் கிணறு, தெருக்கோடியில் வாய்க்கால் என்று தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர்கள் இவை. சம்ப்புக்குப் பூட்டுள்ள மூடி, குட்டைக்கு வேலி, கிணற்றுக்குக் கம்பி வலை எல்லாமே ஒரே விதியின் வேறு வேறு வடிவங்கள்.

ஒருவேளை விபத்து நடந்துவிட்டால்?

குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பது, சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கப் பார்ப்பது எதுவும் வேண்டாம். நேரம்தான் வீணாகும். வெளியே எடுத்ததும் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் இன்னொருவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, 30 முறை நெஞ்சை அழுத்துவது, 2 முறை மூச்சுக் கொடுப்பது என்று உதவி வரும் வரை தொடர வேண்டும். குழந்தை கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். இந்த முதலுதவியை முன்பே பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்வது நல்லது.

ரூம் புக் செய்யும்போது கேட்க வேண்டியவை

குளத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா? கேட் தானாக மூடுமா? அறைக் கதவு நேராகக் குளத்தின் பக்கம் திறக்கிறதா? குளம் பயன்பாட்டில் இல்லாத நேரம் பூட்டுவார்களா? ஏசி, பார்க்கிங், வைஃபை பற்றிக் கேட்கும் அதே போன் காலில் இந்த நான்கையும் கேட்டுவிடலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால், குளம் இல்லாத இடமாகப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் செய்யலாம். நம் வீட்டுக் கல்யாணங்களில் மொய் எழுத ஒருவரை உட்கார வைப்போம். அவர் பந்திக்குக்கூட எழுந்து போக மாட்டார். போவதென்றால் நோட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். பணத்துக்கே அவ்வளவு கவனம். குழந்தைகள் குளத்துப் பக்கம் இருக்கும் நேரத்துக்கும் அப்படி ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள், கையில் போன் இல்லாமல்.