குஞ்சுகளைக் கூட்டில் அடையப் பழக்குதல்

அந்தி சாயும் வேளையைக் 'கோழி அடையும் நேரம்' என்று நம் முதியோர் கூறுவதுண்டு. கோப்பெங் வட்டாரத் தோட்டங்களில் கோழி வளர்க்கும் குடும்பங்களுக்கு அதுவே தொல்லை மிகுந்த நேரமாகவும் இருக்கிறது. பகலெல்லாம் வீட்டைச் சுற்றி மேய்ந்த இளங்கோழிகள் ரம்புத்தான் மரத்திலும் மோட்டார் சைக்கிள் கொட்டகையின் மீதும் ஏறிக்கொள்கின்றன. பெரியவர் கம்புடன் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமாகத் துரத்துகின்றனர். விடிந்து பார்த்தால் மரத்தடியில் இறகுகள் மட்டும் கிடக்கின்றன. ஐந்தாறு மாதம் தீனியிட்டு வளர்த்த பெட்டை, முட்டையிடத் தொடங்கும் தறுவாயில் மூசாங்குக்கு இரையாவது ஒரு தொழிலாளர் குடும்பத்திற்குச் சிறிய நட்டமன்று.

மரமேறுவது கோழியின் பிடிவாதமன்று. அதன் பிறவிக் குணம். வீட்டுக் கோழியின் மூதாதை, மலாய் மொழியில் 'ஆயாம் ஹூத்தான்' எனப்படும் செந்நிறக் காட்டுக்கோழியாகும். தீபகற்ப மலேசியாவின் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் அது இன்றும் வாழ்கிறது. பகலில் தரையைக் கிளறி மேய்ந்து, இரவில் மரக்கிளையில் உறங்குகிறது. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த வீட்டுக் கோழியின் எலும்புகள் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று தெரிவித்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மனிதனோடு வாழ்ந்தும், உயரமான இடத்தில் உறங்கும் ஆசையைக் கோழி கைவிடவில்லை. ஆகவே அந்த ஆசையைத் தடுப்பதில் பயனில்லை. அதனைக் கூட்டுக்குள் நிறைவேற்றித் தருவதே நம் வேலை.

மரக்கிளை நாய்க்கு எட்டாது என்பது உண்மையே. ஆனால் மூசாங்கும் மலைப்பாம்பும் மரமேறுபவை. மேலும், பகலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் காணவல்ல கோழியின் கண், இருளில் மிகவும் மங்கிவிடுகிறது. எதிரி அருகில் வந்தாலும் அது அசையாமல் அமர்ந்திருப்பது இதனால்தான்.

இதே காரணத்தால், கோழி தன் உறங்குமிடத்தை வெளிச்சம் மறைவதற்குள் தேடிக்கொள்கிறது. கோப்பெங்கில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் மறைகிறது; அதன்பின் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். மழை மூட்டமான நாளில் அதுவும் இல்லை. (1982 ஜனவரி முதல் நாளன்று நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம், கோழிகள் அந்த மாற்றத்தைப் பொருட்படுத்தவில்லை!) எனவே மணியைப் பாராமல் வானத்தைப் பார்த்தே கூட்டைத் திறந்து வைக்க வேண்டும்.

தாய்க்கோழி கூட்டில் அடையுமானால் குஞ்சுகளும் அதனைப் பின்தொடர்ந்து தாமே பழகிவிடும். தாய் மரத்தில் உறங்கினால் குஞ்சுகளும் அதையே கற்கும். தாயை விட்டுப் பிரிந்த, ஆறு முதல் எட்டு வார வயதுள்ள குஞ்சுகளுக்கே நாம் பழக்கம் தர வேண்டும். அவற்றை ஒரு வாரம் முழுவதும், பகலிலும் வெளியே விடாமல், கூட்டிலேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்து வளர்க்க வேண்டும். பலர் இரண்டாம் நாளே இரக்கப்பட்டுத் திறந்துவிட்டு, பின்னர் குஞ்சுகளைக் குறை கூறுகின்றனர். இந்த ஒரு வாரத்தில்தான் 'இது நம் வீடு' என்ற எண்ணம் குஞ்சுகளிடம் பதிகிறது. ஆயினும் தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பம் குஞ்சுகளைக் கொன்றுவிடக்கூடும். கூரைமேல் அத்தாப்பு பரப்பி, பக்கங்களைக் கம்பிவலையால் அடைத்துக் காற்றோட்டம் தர வேண்டும்.

வாரம் கழிந்தபின், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பு, தீனி கொடுக்காமல் பசியோடு வெளியே விட வேண்டும். அந்தி நெருங்கியதும் பழைய பால் டின்னில் சோளத்தைப் போட்டுக் குலுக்கி, 'பா, பா' என்று அழைத்து, தீனியைக் கூட்டுக்குள் மட்டும் இட வேண்டும். நாளடைவில் வெளியே விடும் நேரத்தைக் கூட்டலாம்; மாலைத் தீனி கூட்டில்தான் என்னும் வழக்கத்தை மட்டும் மாற்றக்கூடாது.

வெளியே தங்கிவிட்ட குஞ்சைத் துரத்தினால் அது கூட்டைக் கண்டே அஞ்சும். நன்றாக இருட்டும்வரை காத்திருந்து, இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து மெதுவாக எடுத்துவந்து, கூட்டிலுள்ள கொம்பின்மேல் அமர்த்த வேண்டும். சில இரவுகள் இவ்வாறு செய்தால் பெரும்பாலானவை தாமே வந்துவிடும். மரமேறுவதை விடாத ஒன்றிரண்டுக்கு ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்துவிடலாம், வலிக்காது. புதிதாக முளைத்துவரும், இரத்தம் ஓடும் இறகை மட்டும் வெட்டக்கூடாது.

கூட்டுக்குள் இருள் சூழ்ந்திருந்தால் கோழி நுழையாது. முதல் சில நாட்களுக்கு உள்ளே சிறு விளக்கு வைத்து, எல்லாம் அமர்ந்தபின் அணைத்துவிடுவது நல்ல பலன் தரும். அமர்வதற்கு இரண்டு அங்குலப் பருமனுள்ள கொய்யாக் கொம்பு ஏற்றது. ரப்பர்க் கட்டையைப் பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் கெடுத்துவிடும். கோழி ஒன்றுக்கு எட்டு அங்குல இடம் வேண்டும். குஞ்சுகளுக்கு முதலில் ஓர் அடி உயரத்தில் கொம்பு போதும். பெரிய கோழிகள் கொத்தி விரட்டுமாதலால் இளங்கோழிகளுக்குத் தனிக் கொம்பு வைப்பது நல்லது. முட்டைப் பெட்டி கொம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; இல்லையேல் அவை பெட்டியிலேயே உறங்கி எச்சமிட்டு அசுத்தப்படுத்தும். வலையின் கண் அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. கதவுக்குக் கயிறு போதாது. கொண்டி போட வேண்டும்.

பால் வெட்டுக்குச் செல்வோர் இருள் பிரியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். போகிற போக்கில் கூட்டைத் திறந்துவிடுவது சிலரின் வழக்கம். அந்த நேரத்தில் மூசாங் இன்னும் திரிந்துகொண்டிருக்கும். நன்றாக விடிந்தபின் வீட்டில் இருப்பவரோ பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைகளோ திறக்கலாம். மாலையில் கதவடைக்குமுன் தலைகளை எண்ணும் வேலையையும் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். ஒன்று குறைந்தாலும் கைவிளக்குடன் அன்றிரவே தேடிவிட வேண்டும்.