பின்வாங்கிலுள்ள பிள்ளையின் விடை

2022 யூலைக்குப் பின்னர் இலங்கையின் நெல்லியடியில் பெற்றோலுக்காக வரிசையில் நின்ற எவருக்கும், கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் நிறைந்த அந்தச் சதுரத்தை நாம் அறிமுகஞ் செய்துவைக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுக்கத் தொடங்கிய அக்காலத்தில், கைத்தொலைபேசியிலோ, மடித்து மடித்து நைந்துபோன கடதாசியிலோ அதனைக் காட்டினாலன்றி ஒரு சொட்டும் கிடையாது. எரிபொருளின்றிப் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த நாட்களும் அக்காலத்தை ஒட்டியவையே. ஆதலால் எங்கள் ஆசிரியர் பலருக்குக் கியூ.ஆர். குறியீடு முதன்முதலிற் பங்கீட்டு அட்டையின் ஸ்தானத்தில் வந்து சேர்ந்தது. வகுப்பறையில் அதற்கு வேறொரு காரியம் உண்டு.

1994 ஆம் ஆண்டில் யப்பானிய டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசஹிரோ ஹாரா என்னும் பொறியியலாளர், மோட்டார் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கிடுவதற்காக, 'கோ' என்னும் விளையாட்டுப் பலகையிற் கருங்காயும் வெண்காயும் கிடக்கும் கோலத்தைக் கண்டு இதனை உருவாக்கினார். தொழிற்சாலை அழுக்குக்கு ஈடுகொடுக்குமாறு அமைந்தமையால், உரிய முறையில் அச்சிட்டால் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்த பின்னும் இதனை வாசிக்க முடியும். சொதிக் கறை படிந்த பள்ளிப் புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன வேண்டும்?

இக்குறியீட்டைப் பள்ளிப் பிள்ளைகளின் கையிற் சேர்த்தவர்களுள் மகாராஷ்டிர மாநிலத்துச் சோலாப்பூர் மாவட்டத்திலுள்ள பரிதேவாடிக் கிராமத்து ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே முதன்மையாக நினைக்கத்தக்கவர். 2009 இல் அவர் சென்றபோது மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இடிந்து கிடந்த அந்தப் பள்ளியிற் படித்த பிள்ளைகளின் வீட்டுமொழி கன்னடம். பாடநூலின் மொழியோ வேறு. அவர் தாமே கன்னடங் கற்று, பாடங்களை அம்மொழியில் ஆக்கி, கதைகளையும் ஒலிப்பதிவுகளையும் பயிற்சிகளையும் கியூ.ஆர். குறியீடுகளாக நூலிற் பதித்தார். 2020 இல் உலக ஆசிரியர் பரிசாகிய பத்து இலட்சம் டொலர் அவருக்குக் கிடைத்தது. அதிற் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த ஏனைய ஒன்பது பேருக்கும் அவர் பகிர்ந்தளித்தார். எமது அபிப்பிராயத்தில், குறியீட்டை அச்சிட்டதைக் காட்டிலும் பிள்ளைகளின் பாஷையைக் கற்றதே அவர் செய்த அருஞ்செயல். தமிழகத்திலும் 2018 இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்கள் இக்குறியீடுகளைத் தாங்கியே வெளிவந்தன.

பரீட்சிப்பதற்கோ இதனிலும் எளிய உபாயம் ஒன்று உண்டு. பிளிக்கர்ஸ் என்னும் முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வோர் அட்டை கொடுக்கப்படும், கியூ.ஆர். குறியீட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற ஒரு கோலம் அதில் இருக்கும்; நான்கு விளிம்பிலும் ஏ, பீ, சீ, டீ என்ற எழுத்துகள் மிகச் சிறிதாய்ப் பொறிக்கப்பட்டிருக்கும். 'ஒளித்தொகுப்பின்போது இலை வெளிவிடும் வாயு யாது?' என்று ஆசிரியர் கேட்டு நான்கு விடைகளையும் சொன்னதும், பிள்ளைகள் தாம் எண்ணிய விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பி உயர்த்திப் பிடிக்க, ஆசிரியர் தமது தொலைபேசியை இடமிருந்து வலமாக ஒருமுறை மெல்லக் கொண்டுபோனால், இன்னார் சரி, இன்னார் பிழை என்பது அப்பொழுதே திரையில் வந்துவிடும். பிள்ளைகளிடம் தொலைபேசி வேண்டியதில்லை. ஒருவரது கோலம் மற்றவரதைப் போன்றிராமையால், பக்கத்து அட்டையைப் பார்த்துத் தன் அட்டையைத் திருப்புவோர்க்கும் பயனில்லை.

'விளங்கிச்சுதோ, பிள்ளையள்?' என்று கேட்டால், 'ஓம் சேர்' என்று முழங்குவது முன்வாங்குதான். பின்வாங்கில் யன்னலோரத்தில் இருப்பவள், பிழைத்தாற் சிரிப்பார்களே என்ற சங்கோசத்தால் வாய் திறப்பதில்லை. அவளுக்கு விளங்கவில்லை என்பது தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதற்குள் பாடம் எத்தனையோ அத்தியாயம் கடந்துவிடும். அட்டை உயரும்போது அவளும் பிறரோடு ஏககாலத்தில் விடை சொல்லுகிறாள். அவ்விடையை ஆசிரியர் ஒருவரே அறிகிறார். அறிந்த கையோடு அதே பாடத்தை வேறுவிதமாய் மறுபடி சொல்ல அவருக்கு அவகாசம் இருக்கிறது. இம்முறையின் பிரயோசனம் முழுவதும் இந்த ஓரிடத்திலேயே இருப்பதாக யான் கருதுகிறேன்.

ஒன்றும் அறியாத பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு அட்டையைத் திருப்பினால் நான்கில் ஒருமுறை சரியாகிவிடும் என்பதை மறக்கலாகாது. சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்தின் முதலாம் வினாத்தாளிலுள்ள நாற்பது பல்தேர்வு வினாக்களுக்கு இம்முறை நல்ல பயிற்சி. கட்டுரையின் நயத்தையோ கணக்கின் வழியையோ அட்டை அளக்காது. ஆகையால் அட்டையிற் பெற்ற புள்ளியைத் தேர்ச்சி அறிக்கையில் ஏற்றுவது தகாது.

கனடாவிலும் லண்டனிலுமிருந்து தாம் படித்த பாடசாலைக்குப் பெருந்திரைகள் வாங்கியனுப்ப எண்ணும் பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம்: அதற்குமுன் ஓர் ஆசிரியருக்கு ஒரு கட்டுத் தடித்த வெள்ளைத் தாளும் அச்சுக்கூலியும் ஓராண்டு இணையச் செலவும் கொடுத்துப் பாருங்கள். அட்டைக்குப் பளபளப்பான பிளாஸ்ரிக் உறை மாத்திரம் போடவேண்டாம். யன்னல் வெளிச்சம் பட்டால் அது மின்னி, கோலம் தொலைபேசிக்குத் தெரியாமற் போய்விடும்.