கருவாட்டுக் கூடைக்குள் ஒரு அணுஉலைக் கேள்வி!

கரிசல் காட்டில் களையெடுக்கப் போகிறவர்களின் தூக்குவாளியைத் திறந்தால், கம்பஞ்சோறோ பழைய சோறோ, ஓரத்தில் சுட்ட கருவாடு ஒன்று இருக்கும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சாப்பாடு இது. கடல் கிழக்கே இருக்கிறது. வேம்பாரிலும் தருவைகுளத்திலும் தூத்துக்குடியிலும் கரையேறும் மீன், பச்சையாகவும் கருவாடாகவும் கரிசல் ஊர்ச் சந்தைகளுக்கு வந்துவிடுகிறது. மானாவாரி விவசாயிக்குக் குறைந்த காசில் கிடைக்கும் புரதம் அதுதான்.

அந்தக் கருவாட்டுக் கூடையின் முன்னால் நின்று சிலர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள். “கூடங்குளம் தண்ணியைக் கடல்லதானே விடுறாங்க... இந்த மீனைச் சாப்பிடலாமா?”

‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்பது ஒரு பதில். ‘மீனே விஷம்’ என்பது இன்னொரு பதில். இரண்டுமே விஷயத்தை விளக்குவதில்லை. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது, மீனுக்குள் எது சேரும், அதை அளப்பது யார் என்ற மூன்றும் தெரிந்தால், பதிலை அவரவரே சொல்லிக்கொள்ளலாம்.

ஜப்பானில் தொடங்கிய பேச்சு

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் தாக்கியதில், ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் உலைகள் உருகின. உருகிய எரிபொருளைக் குளிர்விக்க ஊற்றிய தண்ணீரும், உள்ளே கசிந்த நிலத்தடி நீரும், மழைநீரும் கதிரியக்கத் தண்ணீராக மாறின. அதைச் சுத்திகரித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேமித்தார்கள். 13 லட்சம் டன்னுக்கு மேல் சேர்ந்து, இடம் போதாமல் போனது. 2023 ஆகஸ்ட் 24 முதல் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பசிபிக் கடலில் விடுகிறார்கள்.

சுத்திகரிப்பு இயந்திரம் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்றவற்றைப் பெரும்பாலும் வடித்துவிடும். டிரிட்டியத்தைப் பிரிக்க முடியாது. அது ஹைட்ரஜனின் ஒரு வகை என்பதால், தண்ணீரோடு தண்ணீராகவே கலந்திருக்கும். அதனால் கடல்நீரைச் சேர்த்து, லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே குறைத்து விடுகிறார்கள். கதிரியக்கத்தை அளக்கும் அலகுதான் பெக்கரல். குடிநீரில் டிரிட்டியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10,000 பெக்கரல்.

இந்தத் திட்டத்தால் மனிதருக்கும் சூழலுக்கும் ஏற்படும் பாதிப்பு மிக மிகக் குறைவு என்று சர்வதேச அணுசக்தி முகமை 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. ஆனாலும், தண்ணீர் திறந்த அன்றைக்கே ஜப்பானின் கடல் உணவு முழுவதற்கும் சீனா தடை போட்டது. அதற்கு முன்பே தென் கொரியாவில் மக்கள் உப்பை வாங்கிப் பதுக்க, உப்பு விலை எகிறியது. விபத்து நடந்த இடத்திலிருந்து வெகுதொலைவில், ஹொக்கைடோவில் சிப்பி வளர்த்தவர்கள் சீனாவுக்குச் செய்த ஏற்றுமதியும் நின்றுபோனது. அவர்கள் சரக்கு கெட்டுப் போகவில்லை. வாங்குபவரின் நம்பிக்கைதான் போயிருந்தது. ஒரே ஒரு வதந்தியில் காய்கறி விலை தரைக்கு இறங்குவதைப் பார்த்த விவசாயிக்கு இந்த வலி புரியும்.

கூடங்குளத்தில் நடப்பது என்ன?

கோவில்பட்டியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது கூடங்குளம். தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் ஓடுகின்றன. முதல் உலை 2013-லும், இரண்டாவது 2016-லும் இயங்கத் தொடங்கின. மேலும் நான்கு உலைகளுக்குக் கட்டுமானப் பணி நடக்கிறது.

ஃபுகுஷிமாவில் இருப்பது விபத்துத் தண்ணீர். கூடங்குளத்தில் வெளியேறுவது வழக்கமாக ஓடும் நிலையத்தின் தண்ணீர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

கூடங்குளத்திலிருந்து கடலுக்குப் போகும் தண்ணீரிலும் இரண்டு வகை உண்டு. முதலாவது, குளிர்விக்கும் கடல்நீர். உலைக்குள் ஓடும் தண்ணீர் மூடிய குழாய்ச் சுற்றில் ஓடுகிறது. அதன் சூட்டை வாங்கி நீராவியாகி டர்பைனைச் சுழற்றும் தண்ணீர் இன்னொரு சுற்று. அந்த நீராவியைக் குளிர்விக்க வரும் கடல்நீர் மூன்றாவது சுற்று. இந்தக் கடல்நீர் உலையைத் தொடுவதே இல்லை. சூடாகித் திரும்பிப் போகிறது. அளவில் மிகப் பெரியது இதுதான். கடலின் இயல்பான சூட்டைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் இது கூடக் கூடாது என்பது விதி.

இரண்டாவது வகை, அளவில் சிறியது. உலைப் பகுதியிலிருந்து சேரும் குறைந்த கதிரியக்கமுள்ள கழிவுநீரை வடிகட்டி, அளந்து பார்த்து, அனுமதித்த அளவுக்குள் இருந்தால் மட்டும் முதல் வகைத் தண்ணீரோடு கலந்து கடலில் விடுகிறார்கள். இங்கேயும் டிரிட்டியம் மிஞ்சும். உலகத்தில் ஓடும் அணுமின் நிலையங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு.

மீனவர்கள் முதலில் எழுப்பிய கேள்வி கதிரியக்கம் பற்றியது மட்டும் அல்ல. சூடான தண்ணீர் கலக்கும் இடத்தில் மீன் முட்டையும் குஞ்சும் என்ன ஆகும், மீன் கூட்டம் கரையை விட்டு விலகிப் போகுமா என்றும் கேட்டார்கள். வலை போடுகிறவருக்கு அதுதான் அன்றாடக் கணக்கு.

மீனுக்குள் எது சேரும்?

டிரிட்டியம் தண்ணீரைப் போலவே உடம்புக்குள் வந்து, தண்ணீரைப் போலவே வெளியேறிவிடும். சுமார் பத்து நாளில் பாதி போய்விடும். அதில் ஒரு சிறு பங்கு சதையில் ஒட்டி, கூடுதல் நாள் தங்கும். விமர்சகர்கள் சுட்டிக்காட்டுவது அந்தப் பங்கைத்தான்.

சீசியம் 137 வேறு ரகம். அது பொட்டாசியத்தைப் போல நடித்து மீனின் சதைக்குள் போகும். பாதியாகக் குறைய 30 ஆண்டு பிடிக்கும். ஒரே அளவு பெக்கரல் உடம்புக்குள் போனாலும், டிரிட்டியத்தைவிட சீசியம் 137 தரும் பாதிப்பு சுமார் 700 மடங்கு அதிகம். ஸ்ட்ரான்சியம் 90 சுண்ணாம்புச் சத்தைப் போல எலும்பில் தங்கும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

2023 மே மாதம் ஃபுகுஷிமா நிலையத்தின் துறைமுகத்துக்குள் பிடித்த ஒரு பாறைமீனில், கிலோவுக்கு 18,000 பெக்கரல் சீசியம் இருந்தது. ஜப்பானில் அனுமதி 100 பெக்கரல்தான். அது சுத்திகரித்த தண்ணீரைத் திறப்பதற்கு முன்பே பிடிபட்ட மீன்; விபத்தின் மிச்சம். ஆக, டிரிட்டியத்தை மட்டும் பேசிக்கொண்டு சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் அளக்காமல் விட்டால், பாதிக் கணக்குத்தான் பார்த்ததாகும்.

அதே நேரத்தில், கதிரியக்கமே இல்லாத உணவு உலகத்தில் கிடையாது. இயற்கையான பொட்டாசியத்தால் ஒரு மனித உடம்புக்குள்ளேயே சுமார் 4,000 பெக்கரல் இருக்கிறது. கடல் மீனில் பொலோனியம் 210 இயற்கையாகவே உண்டு. ‘இருக்கிறதா’ என்று கேட்டால் எப்போதும் ‘ஆம்’ என்றே பதில் வரும். கேட்க வேண்டியது, ‘எது, எவ்வளவு?’

அளப்பது யார்?

ஒவ்வொரு அணுமின் நிலையத்தின் அருகிலும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. கூடங்குளத்திலும் உண்டு. சுற்றுவட்டாரத்தின் மண், தண்ணீர், பால், தானியம், காய்கறி, மீன் ஆகியவற்றை எடுத்துச் சோதிக்கிறார்கள். பொதுமக்கள் ஒருவருக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்துள்ள வரம்பு. கூடங்குளத்தைச் சுற்றியுள்ளவர்களுக்குக் கிடைக்கும் அளவு அந்த வரம்பில் மிகச் சிறிய பங்குதான் என்று வாரியத்தின் அறிக்கைகள் சொல்கின்றன.

அப்படியானால் சந்தேகம் ஏன் தீரவில்லை? உலையை நடத்துவதும், மீனை எடுத்துச் சோதிப்பதும், வரம்பைக் கண்காணிப்பதும் ஒரே அணுசக்திக் குடும்பத்துக்குள் நடக்கிறது என்பது கடற்கரை மக்களின் குறை. எடைபோடும் தராசு வியாபாரியுடையதாகவே இருந்தால், பருத்தி விற்கும் சம்சாரிக்கு மனசு ஆறுமா?

2011 முதல் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன்பு மீனவக் குடும்பங்கள் மாதக்கணக்கில் உண்ணாவிரதப் பந்தலில் இருந்தன. அணுஉலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடும்படி 2012-ல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. நிர்வாகம் அதை ஏற்காமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று போராட்டம் தடியடியிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்தது. அன்று மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. கூடவே 15 உத்தரவுகளையும் போட்டது. நீர், காற்று, நிலம் வழியாக வெளியேறும் கதிரியக்கம், ஒழுங்குமுறை அமைப்பு வைத்த வரம்பைத் தாண்டக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று.

கூடங்குளத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது. கரிசலில் கிணற்று மோட்டார் ஓடுவதிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. கரன்ட் நமக்கு, பயம் அவர்களுக்கு என்று விட்டுவிட முடியாது. மீனை வாங்க ஆள் இல்லாமல் போனால் முதல் அடி மீனவருக்கு, அடுத்த அடி சாப்பிடுகிறவருக்கு. அதனால், எந்தக் கரையில் எந்த மீனில் எது எவ்வளவு இருந்தது என்ற சோதனை முடிவைத் தமிழில், மாதந்தோறும், மீன் இறங்குதளத்திலேயே எழுதி ஒட்டச் சொல்வது மீனவரும் விவசாயியும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை. அணுசக்தித் துறைக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றும் அதே மீனைச் சோதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானமாகப் போடலாம்.

இன்றைக்குத் தெரிந்த அளவில், தூத்துக்குடி, வேம்பார்க் கரை மீனைக் கதிரியக்கத்துக்குப் பயந்து ஒதுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் கேடுகளில்தான் கவனம் வேண்டும். 2018-ல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் லோடு லோடாகப் பிடிபட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வெளியூர் மீன் அதிகம் வரும். கூடுதலாகப் பார்த்து வாங்க வேண்டும். செவுள் சிவந்து, கண் பிதுங்கி, அமுக்கினால் சதை எழும்பி வந்தால் நல்ல மீன். சதை ரப்பர் மாதிரி விறைத்து, மீன் வாசமே இல்லாமல், ஈயும் அண்டாமல் இருந்தால் வாங்க வேண்டாம். கருவாட்டில் பூச்சிமருந்து நெடி அடித்தாலோ, ஈரமும் பூசணமும் தெரிந்தாலோ ஒதுக்கிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

வாசகர்கள் அதிகம் கேட்பவை

கருவாடு ஆக்கினால் கதிரியக்கம் கூடுமா?
டிரிட்டியம் தண்ணீரோடு இருப்பதால், வெயிலில் காயும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும். சீசியம் இருந்தால் ஆவியாகாது. மூன்று, நான்கு கிலோ மீன் காய்ந்து ஒரு கிலோ கருவாடு ஆவதால், கிலோ கணக்கில் அது கூடித் தெரியும். ஆனால், மீனைப் போலக் கருவாட்டை யாரும் கிலோ கணக்கில் சாப்பிடுவதில்லை. கழுவி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால், உப்போடு சீசியத்திலும் ஒரு பகுதி போய்விடும்.

தூத்துக்குடி உப்பைப் பயன்படுத்தலாமா?
தாராளமாக. பாத்தியில் தண்ணீர் ஆவியாகும்போதே டிரிட்டியமும் போய்விடும்.

மீன் கழிவும் வெல்லமும் சேர்த்துத் தயாரிக்கும் மீன் அமிலத்தைப் பயிருக்குத் தெளிக்கலாமா?
தெளிக்கலாம். பத்து லிட்டர் தண்ணீருக்கு மில்லி கணக்கில்தான் கலக்கிறோம். தவிர, களிமண் மிகுந்த மண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, வேருக்கு எளிதில் விடாது. கரிசல் அந்த வகை மண்தான்.