முதல் நாவல்: விழாவுக்கு முன் ஒப்பந்தம்

சென்னைப் புத்தகக் கண்காட்சி முடிந்ததும் முதல் நாவல் எழுதிய சிலர் ஒரே புலம்பலோடு வருவார்கள். எத்தனை பிரதி அச்சானது என்று தெரியாது, விற்ற கணக்கு தெரியாது. ஒப்பந்தம் எங்கே என்று கேட்டால், "அண்ணன் ஏமாத்த மாட்டாருங்க" என்பார்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். நாளை பதிப்பகம் கைமாறும், அவர் மகன் வந்து கணக்கைப் பார்ப்பார். அன்றைக்கு வெளியீட்டு விழாவில் போர்த்திய சால்வையைக் காட்டி ராயல்டி கேட்க முடியாது.

நாவலை எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப்பின் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு தராமல் அது வேறொருவருக்கும் போகாது. ஆகவே வாய்ப்பேச்சில் விட்டவருக்கு உரிமை போவதில்லை, பணம்தான் போகிறது: எத்தனை சதவீதம் பேசினோம் என்பதற்கு அவரிடம் சாட்சி இல்லை.

இதைவிட மோசம், படிக்காமல் கையெழுத்துப் போடுவது. "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்ற ஒரே வரியில் சினிமா, மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்நூல் எல்லாம் போய்விடக்கூடும். முதல் புத்தகம் வந்தால் போதும் என்ற அவசரத்தில் போட்ட கையெழுத்துக்கு, இயக்குநர் ஒருவர் கதையைக் கேட்டு வரும்போதுதான் வருத்தப்படுகிறார்கள்.

சட்டத்தின் 19-ஆம் பிரிவை ஒருமுறையாவது படியுங்கள். எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், ராயல்டி எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு "அடுத்த கண்காட்சிக்குப் போட்டுடலாம்" என்று இழுத்தடிப்பவரிடம் இந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள். இவற்றோடு நான்கு விஷயங்களை நீங்களே கேட்டு எழுத வைக்க வேண்டும்: அச்சிடும் பிரதி எண்ணிக்கை, கணக்குத் தரும் மாதம், அரசின் நூலக ஆணையில் வாங்கப்படும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா என்பது, கையிருப்பு தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்பும் நாள். அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள். மறுபடி சொல்கிறேன், அச்சு உரிமையை மட்டும்.

பணம் கட்டிப் புத்தகம் போடுகிறவர்கள் பில் வாங்காமல் ஒரு ரூபாயும் தரக்கூடாது. பிரதி எண்ணிக்கை, தாள், முடிக்கும் தேதி, வடிவமைத்த கோப்பு யாருக்குச் சொந்தம் என்பவை எழுத்தில் இருக்கட்டும். 300 பிரதி என்று வாங்கிய பணத்துக்கு 50 பிரதி மட்டும் வந்தால், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

மெய்ப்புப் பார்க்கும்போது உரிமைப் பக்கத்தையும் பாருங்கள். கதையில் ஒற்றுப்பிழை தேடுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அங்கே பதிப்புரிமை பதிப்பகத்தின் பெயரில் அச்சாகியிருந்தால் அச்சுக்குப் போகும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

பிரதியைத் தங்களுக்குத் தாங்களே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக நிற்பது டெல்லி பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேடு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் திருட்டுக்கதை வழக்கில் பெரிய துணை. அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14, இலக்கிய நூலுக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் டைரி எண் வரும், ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும், அதன்பிறகே பரிசீலனை. அதுவும் அவர்கள் சௌகரியத்துக்குத்தான் நடக்கும். டைரி எண்ணைப் பத்திரமாக வைத்து அவ்வப்போது நிலையைப் பாருங்கள். குறைபாட்டுக் கடிதம் வந்து, பதில் போடாமல் விண்ணப்பத்தைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. நூல் வெளியான பிறகு என்றால் பதிப்பாளரிடம் தடையின்மைக் கடிதமும் வாங்க வேண்டும். அதனால் அச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கணக்கு வரவில்லையா? போனில் கெஞ்சாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட், பிறகு வக்கீல் நோட்டீஸ். அனுமதியின்றி மறுபதிப்புப் போட்டிருந்தால் பதிப்பாளர் ஊருக்கு அலைய வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

பாக்கி ராயல்டிக்கு வழக்குப் போடும் காலவரம்பு 3 ஆண்டு. அது முடியும் முன் "இவ்வளவு தரவேண்டும்" என்று பதிப்பாளரிடம் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.