உங்களுக்குத் தெரியுமா? பெரிய கோயில் குடமுழுக்கின் மொழி, கோர்ட்டுப் படியேறிய கதை
23 ஆண்டுகளுக்குப் பின் 2020 பிப்ரவரி 5-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன், தமிழில்தான் நடத்த வேண்டும் என்று கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார்கள். தமிழ், சமஸ்கிருதம் இரண்டிலும் நடத்துவதாக அறநிலையத் துறை உறுதி சொன்னது. ஜனவரி 31-ல் நீதிமன்றம் அதை ஏற்று வழக்கை முடித்தது. மந்திரத்தின் மொழியில் நீதிபதிக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். ஆனால் இக்கோயிலுக்குப் பரம்பரை அறங்காவலர் போன்ஸ்லே அரச குடும்பத்தவர், மேற்பார்வை அறநிலையத் துறை, கட்டடப் பாதுகாப்பு மத்தியத் தொல்லியல் துறை. அரசு இவ்வளவு தூரம் உள்ளே வந்த இடத்தில், குடிமக்கள் சட்டத்தின் வழியே கேள்வி கேட்பதைத் தடுக்க முடியாது.

சிக்கல் வேறு இடத்தில். அர்ச்சகர் நியமனம் உலகியல் காரியம், பூசை முறை சமயக் காரியம் என்று 1972-ல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. வழிபாட்டு மொழியோ பூசை முறையின் பக்கம் சாய்வது; கோயில் பூசை விதிகளைச் சொல்லும் ஆகமம் தமிழைத் தடுக்கிறதா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. தஞ்சையில் சமரசம் கிடைத்தது, விடை கிடைக்கவில்லை என்பேன். 2020 டிசம்பரில் கரூர் பசுபதீசுவரர் கோயில் குடமுழுக்குக்காக இதே கேள்வி மதுரைக் கிளைக்கு மறுபடி வந்தது.