தனியாக ஓடுபவருக்குத் துணை எதற்கு?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சிஸ்கோ அருகிலிருந்து மோவாப் ஊர் வரை செல்லும் 128-ஆம் எண் சாலை ஏறக்குறைய 72 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி கொலராடோ ஆற்றை ஒட்டியே போகிறது. செம்பாறைச் சுவர்களுக்கும் ஆற்றுக்கும் இடையில் நெருக்கிப் போட்ட இருவழிப் பாதை. மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டும் எந்த ஓட்டமும் அல்ட்ரா மாரத்தான்தான். போட்டி எதுவும் இல்லாமல் ஒரே ஆள் இந்தச் சாலையை ஓடி முடிக்க, நண்பர்கள் காரில் தண்ணீரும் உணவும் கொண்டுவந்து கொடுத்தால், அது துணைக்குழுவோடு ஓடும் தனி ஓட்டம். பிறகென்ன தனி என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தத் துணையின் முக்கிய வேலை தண்ணீர் கொடுப்பதல்ல, ஓடுபவருக்குப் பதிலாக யோசிப்பது.

கணக்கைப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 70 கலோரி செலவாகும். 72 கிலோமீட்டருக்கு 5,000. உடலில் சர்க்கரைச் சத்தாகச் சேர்ந்திருப்பது சுமார் 2,000 கலோரிதான். கொழுப்பு ஓரளவு கைகொடுத்தாலும், மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போனால்தான் வேகம் குறையாமல் இருக்கும். கோடையில் அங்கே வெயில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆற்று நீரோ வண்டல் கலங்கியது, அப்படியே குடிக்க முடியாது. இவ்வளவும் சுமை பற்றிய சிக்கல். கார் இருந்தால் தீர்ந்துவிடும்.

தீராத சிக்கல் வேறு. 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கே, இந்த ஆபத்து அதிகம். குமட்டல், தலைவலி, குழப்பம் என்று இதன் அறிகுறிகள் வெயில் மயக்கத்தைப் போலவே இருக்கும். வெயில்தான் காரணம் என்று நினைத்து இன்னும் குடித்தால் நிலைமை மோசமாகும். குழம்பிய மூளை தன் குழப்பத்தைக் கண்டுபிடிக்குமா? நிழலில் உட்கார்ந்து பேச்சையும் நடையையும் கவனிக்கும் இன்னொருவருக்குத்தான் அது தெரியும்.

துணை இல்லாமலே சாதித்தவர்கள் உண்டே என்பார்கள். உண்மைதான். சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையை 2015-இல் ஸ்காட் ஜூரெக் துணைக்குழுவோடு 46 நாளில் கடந்தார். 2017-இல் ஜோ மெக்கானகி குழு இல்லாமல், தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு அதைவிடக் குறைந்த நேரத்தில் முடித்தார். ஆனால் மறு ஆண்டே கரேல் சாபே குழுவோடு 41 நாளில் முடித்தார். 2024-இல் டாரா டவர், அவரும் குழுவோடுதான், 40 நாளுக்குக் கொண்டுவந்தார். குழு இருந்தாலே வெற்றி என்று இதற்குப் பொருளல்ல. எல்லை மேலும் நகர்ந்தது குழுவோடுதான் என்பதை மறுக்கவும் முடியாது.

அப்படியானால் ஏற்பாடான போட்டியிலேயே ஓடலாமே என்ற கேள்வி இதைவிட வலுவானது. அங்கே மருத்துவர் இருப்பார், போக்குவரத்துக் கட்டுப்பாடும் பெரும்பாலும் இருக்கும். முதன்முறை இவ்வளவு தூரம் ஓடுபவருக்கு நானும் அதையே சொல்வேன். தனி ஓட்டத்தில் நாளையும் நேரத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம், விடியுமுன் கிளம்பலாம். ஆனால் சாலை நமக்காகக் காலியாக இராது. ஓடுபவரின் பின்னால் காரை ஊர்ந்து வரவிடுவது, படத்தில் அழகாக இருந்தாலும், வளைவுகள் நிறைந்த ஆற்றங்கரைச் சாலையில் விபத்தை அழைப்பது. கார் சில கிலோமீட்டர் முன்னே போய், சாலையை விட்டு ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். ஓடுபவர் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும்.

எந்த நிலையில் ஓட்டத்தை நிறுத்துவது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்த முடிவைக் குழுவில் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். கெஞ்சினாலும் இளகாத அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றால், ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.